தெலெப்பே அடிகள்

தமிழில் கேள்வி என்னும் சொல் செவியாற் பெறும் அறிவையும் குறிக்கும். வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனி அதிகாரம் ஒன்றையே வகுத்துள்ளார். அறிவு செவிவழியே உள்ளத்திற் புகுகிறது என்னும் எண்ணம் எந்நாட்டுச் சான்றோர்க்கும் பொதுவானது. ஆயின், செவியின் கதவு பிறவியிலேயே அடைபட்டவர்க்கு அறிவு எவ்வழியிற் சென்று சேரும்? நெடுங்காலம் இவ்வினாவை எழுப்பியவர் சிலரே. விடை தேடிப் புறப்பட்டவர் அவரினும் சிலர். அச்சிலருள் ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த சார்ல் மிஷேல் தெலெப்பே என்னும் கத்தோலிக்கக் குருவானவர் ஆவார்.

அவர் செய்த தொண்டின் அருமையை அறிய வேண்டுமாயின், அந்நாளில் செவிப்புலன் அற்றோர் இருந்த நிலையை முதலில் அறிதல் வேண்டும். பேச்சைக் கேளாதவர் பேசக் கற்பதில்லை. பேசாதவரை உலகம் ஊமையர் என்றது. ஊமையர் என்றதோடு நில்லாது, சிந்திக்கும் ஆற்றலும் அற்றவர் என்று கருதியது. பழைய உரோமானியச் சட்டம், பிறவியிலேயே கேளாமலும் பேசாமலும் இருப்பவர் விருப்ப ஆவணம் எழுதி வைத்தற்கு இசையவில்லை. செல்வர் வீட்டில் இத்தகைய குழந்தை பிறந்தால் அதனை மறைத்து வைத்தனர். ஏழை வீட்டிற் பிறந்தால் அது தெருவில் திரிந்தது.

கிறித்தவத் திருச்சபையிலும் அவர்களுக்கு ஓர் இடர் இருந்தது. இறைநம்பிக்கை கேட்பதனால் உண்டாகிறது என்னும் கருத்துப்பட, புனித பவுல் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தில் ஓரிடத்தில் உரைத்துள்ளார். நற்செய்தியை எடுத்துச் சொல்வோரின் கடமையை வற்புறுத்த எழுந்த அவ்வுரையைப் பலர் சொல்லுக்குச் சொல் கொண்டனர். கேட்க இயலாதவர்க்கு நம்பிக்கை எங்ஙனம் உண்டாகும் என்று வினவினர். ஞானோபதேசம் பெறாதவர்க்கு நற்கருணை அளிப்பது எவ்வாறு என்று தயங்கினர். உபதேசம் என்பதே வாயாற் சொல்லிச் செவியாற் கேட்பதாக இருந்த காலம் அது. ஆலயத்தின் கதவு அவர்களுக்கு அடைக்கப்படவில்லை. ஆனால் உள்ளே நடப்பது இன்னதென்று அவர்களுக்கு விளக்குவார் எவருமில்லை.

திருச்சபையின் முன்னோர் அனைவரும் இவ்வாறு கருதினர் என்று கொள்ளுதல் தவறு. மூன்றாம் இன்னொசென்ட் என்னும் பாப்பரசர், பேச இயலாதவர் சைகையால் இசைவு தெரிவித்துத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று 1198-ஆம் ஆண்டளவில் தீர்ப்பளித்தார். பேசாநோன்பு காக்கும் துறவு மடங்களில் துறவியர் தம்முள் கைக்குறிகளால் உரையாடுவது பழைய வழக்கம். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் துறவி பெத்ரோ போன்சே தெ லெயோன், ஓனா என்னும் ஊரின் மடத்தில் செவிப்புலன் அற்ற பிரபுக் குலச் சிறுவர்க்கு எழுத்தும் பேச்சும் கற்பித்தார். ஆயினும் அது குலமும் பொருளும் உடைய சிலர்க்கே கிட்டிய பேறு. ஏழைக் குழந்தையைத் தேடி எவரும் சென்றிலர்.

தெலெப்பே 1712-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் வெர்சாய் நகரில் பிறந்தார். தந்தையார் அரசரின் கட்டடப் பணியில் அமர்ந்திருந்த சிற்பநூல் வல்லுநர். வறுமை அறியாத குடும்பம் அது. இளமை முதலே குருவாக வேண்டும் என்னும் வேட்கை மைந்தரிடம் இருந்தது. இறையியல் கற்றுத் தேறிய பின்னர் அவ்வேட்கைக்குத் தடை ஒன்று நேர்ந்தது. ஜான்சேனியம் என்னும் கடுமையான சமயக் கொள்கை அக்காலத்துப் பிரெஞ்சுத் திருச்சபையை இரண்டுபடுத்தி இருந்தது. பாப்பரசர் அதனைக் கண்டித்திருந்தார். குருப்பட்டம் பெறுவோர் அக்கொள்கையை மறுத்து ஓர் உறுதிமொழியிற் கையெழுத்திட வேண்டும். இளைஞர் தெலெப்பே தம் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்று கையெழுத்திட மறுத்தார். பட்டமும் மறுக்கப்பட்டது. அவர் சட்டம் பயின்று வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அத்தொழிலில் மனம் ஒன்றவில்லை. பின்னர்த் திருவா நகரத்து ஆயர் அவரிடம் அன்புகொண்டு 1738-இல் குருப்பட்டம் அளித்தார். சில ஆண்டுகளில் அவ்வாயரும் காலமாகவே, தெலெப்பே பாரிஸ் நகருக்குத் திரும்பினார். அங்குப் பேராயர் அவரைப் பழைய ஐயத்துடனேயே நோக்கினார். மக்களின் பாவ அறிக்கையைக் கேட்கும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. குருவாக இருந்தும் குருவின் பணிகளுள் தலையாய ஒன்றைச் செய்ய இயலாதவராய், தந்தை வைத்த பொருளைக் கொண்டு அமைதியாக வாழ்ந்து வந்தார். ஐம்பது வயதை நெருங்கும்வரை உலகம் அறிய அவர் செய்தது ஒன்றுமில்லை.

1760-ஆம் ஆண்டளவில் ஒரு நாள், பாரிஸ் நகரின் ஒரு தெருவில் உள்ள எளிய வீட்டிற்கு அவர் ஏதோ ஓர் அலுவலாகச் சென்றார். உடன்பிறந்த பெண்கள் இருவர் அங்கே குனிந்து தையல் வேலை செய்துகொண்டிருந்தனர். அடிகள் அவர்களிடம் பேசினார். அவர்கள் தலை நிமிரவில்லை. மறுபடியும் பேசினார். மறுமொழி இல்லை. பெரியவரை மதியாத பெண்கள் போலும் என்று அவர் எண்ணும் வேளையில் தாய் வந்து சேர்ந்தாள். தன் மக்கள் இருவரும் இரட்டையர் என்பதையும், இருவர்க்குமே செவிப்புலன் இல்லை என்பதையும் கண்ணீருடன் கூறினாள். வானேன் என்னும் குருவானவர் ஒருவர் புனிதர்களின் படங்களைக் காட்டி அவர்களுக்கு ஞானோபதேசம் கற்பிக்கத் தொடங்கியிருந்தார் என்றும், அவர் இறந்துபட்டமையால் அதுவும் நின்றுபோயிற்று என்றும் சொல்லி வருந்தினாள். இவ்விரு பெண்களும் தம் சமயம் இன்னதென்று அறியாமலேயே வாழ்ந்து மடிவரே என்னும் எண்ணம் அடிகளின் உள்ளத்தைத் தைத்தது. கற்பிக்கும் முறை எதையும் அறியாதவராக இருந்தும், பெண்களைத் தம்மிடம் அனுப்புமாறு தாயிடம் கூறிவிட்டு வந்தார்.

கற்பிப்பது எங்ஙனம்? படங்கள் உருவமுள்ளவற்றைக் காட்டும். அன்பையும் அருளையும் எந்தப் படத்தாற் காட்டுவது? சொல்லைச் செவியிற் சேர்க்க வழியில்லை; உதட்டை அசைக்கப் பழக்கினாலும் பொருள் விளங்காது. அப்போது அடிகளுக்குத் தம் பதினாறாம் வயதில் ஆசிரியர் ஒருவர் விளக்கிய உண்மை நினைவுக்கு வந்தது. ஒரு பொருளுக்கும் அதனைக் குறிக்கும் ஒலிக்கும் இயற்கையான தொடர்பு எதுவுமில்லை. மக்கள் வழக்கத்தால் ஏற்படுத்திக்கொண்ட தொடர்பே உள்ளது. அங்ஙனமாயின், அதே பொருளை எழுத்தோடும் சைகையோடும் பிணைத்தால் என்ன? ஒலி புகாத உள்ளத்தில் கண்வழியே புகலாம் அன்றோ?

இங்கே அவர் செய்த செயல் எளிதாகத் தோன்றும். ஆயினும் வரலாற்றை மாற்றியது அதுவே. தம் மொழியை அவ்விரு பெண்களும் கற்க வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அவர்கள் தமக்குள் கையசைத்துப் பேசிக்கொள்வதை உற்று நோக்கினார். அதுவே அவர்தம் தாய்மொழி என்று கண்டார். அயல்மொழி கற்பவன் தாய்மொழியின் துணைகொண்டே கற்கிறான். ஆகவே இவர்களுக்குப் பிரெஞ்சு மொழி கற்பிக்க வேண்டுமாயின் முதலில் ஆசிரியன் இவர்களது சைகையைக் கற்க வேண்டும் என்று துணிந்தார். சைகை மொழியைக் கண்டுபிடித்தவர் தெலெப்பே என்று சிலர் எழுதுவர். அது பிழை. பாரிஸ் நகரத்துச் செவிப்புலன் அற்றோர் அவருக்கு முன்பே அம்மொழியைப் பேசி வந்தனர். பியேர் தெலோழ் என்னும் நூற்கட்டுத் தொழிலாளர் தாமும் கேளாதவராக இருந்து, தம்மவரின் சைகை மொழியைப் பற்றி 1779-இல் நூலொன்று எழுதி இதனை நிலைநாட்டினார். அடிகளின் பெருமை, முன்பே இருந்ததை மதித்துக் கற்றதில் இருக்கிறது.

இரட்டையரைத் தொடர்ந்து மற்றவரும் வந்தனர். மூலேன் தெருவில் இருந்த அடிகளின் இல்லமே பள்ளியாயிற்று. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் காலை ஏழு மணிமுதல் நண்பகல்வரை பாடம் நடைபெறும். கட்டணம் எதுவும் இல்லை. செல்வர் மக்களைத் தாம் ஏற்பது பொறுத்துக்கொள்ளுதலே என்றும், ஏழைகளுக்காகவே தாம் இருப்பதாகவும் அவர் கருதினார். 1785-ஆம் ஆண்டளவில் மாணவர் தொகை எழுபதைக் கடந்தது. செலவு பெரும்பாலும் அவருடைய தந்தைவழிச் சொத்திலிருந்தே போயிற்று. அரசர் பதினாறாம் லூயி 1778-இல் பொருளுதவி செய்ய இசைந்தார். ஆணை விரைந்து வந்ததேயன்றிப் பொருள் விரைந்து வரவில்லை.

1788-ஆம் ஆண்டின் குளிர்காலம் கொடுமையாக இருந்தது. முதியவரான அடிகள், விறகுக்குச் செலவிடும் பொருளும் மாணவர்க்கு உதவும் என்று தம் அறையில் தீ மூட்டாமலே இருந்தார் என்பர். அதனை அறிந்த பிள்ளைகள் திரண்டு வந்து கண்ணீர் மல்க அவரைச் சூழ்ந்து நின்று, விறகு வாங்கினாலன்றி அகலோம் என்று கைகளால் மன்றாடினர். அவர் இசைந்தார். பின்னரோ, பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பொருளைத் தாம் எரித்துவிட்டதாகப் பலமுறை நொந்துகொண்டாராம்.

அவர் கற்பித்த முறையிற் சிறிது காண்போம். பொருள்களைக் காட்டி, அவற்றின் பெயரை எழுதிக் காட்டி, அதற்குரிய சைகையைச் சேர்ப்பது முதற்படி. வினைச்சொற்களின் காலத்தை உணர்த்தவும் குறிகள் வகுத்தார். கையைத் தோளுக்குப் பின்னே வீசினால் இறந்த காலம். முன்னே நீட்டினால் எதிர்காலம். பிரெஞ்சு மொழியில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் வேறுபாடு உண்டு. ஆண்பாலுக்குக் கையைத் தொப்பியின் விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும்; பெண்பாலுக்குக் காதருகே கொண்டுபோக வேண்டும், மகளிரின் தலையணி அங்கே முடிவதால்.

உருவமில்லாத கருத்தை உணர்த்த அவர் கையாண்ட வழிக்கு ஒரு சான்று போதும். நம்புகிறேன் என்னும் சொல் கிறித்தவ சமயத்தின் வாயிற்படி போன்றது. இச்சொல்லை அவர் நான்காகப் பகுத்தார். அறிவால் ஆம் என்கிறேன்; உள்ளத்தால் ஆம் என்கிறேன்; வாயால் ஆம் என்கிறேன்; ஆயினும் கண்ணாற் காணவில்லை. நெற்றியையும் நெஞ்சையும் வாயையும் முறையே சுட்டி ஆம் என்று காட்டி, இறுதியிற் கண்ணைச் சுட்டி இல்லை என்று காட்ட, அச்சொல்லின் பொருள் மாணவர்க்கு விளங்கியது. செவியுள்ளோர் பலர் நாள்தோறும் அச்சொல்லை உரைக்கின்றனர். அவருள் எத்துணைப் பேர் அதனை இவ்வளவு தெளிவாகப் பகுத்து உணர்ந்திருப்பர்!

1771 முதல் சில ஆண்டுகள் அவர் தம் மாணவரின் திறமையைப் பொதுமக்கள் முன் காட்டினார். திருமுழுக்கு, நற்கருணை முதலிய அருட்சாதனங்களைப் பற்றிய வினாக்களுக்குப் பிள்ளைகள் பிரெஞ்சிலும் இலத்தீனிலும் பிற மொழிகளிலும் விடை எழுதினர். அமைச்சரும் ஆயரும் கற்றோரும் வந்து நெருங்கினர். அறிவற்றவர் என்று ஒதுக்கப்பட்டவர் சமயத்தின் நுண்பொருளை எழுதிக் காட்டியதைக் கண்டபின், அவர்களுக்கு நற்கருணை தகுமோ என்னும் வினாவிற்கு இடம் ஏது?

ஆயினும் ஓர் இரங்கத்தக்க முரண்பாடு எஞ்சி நின்றது. கையாற் சொல்லும் பாவ அறிக்கையைக் கண்ணாற் கண்டு பொருள் உணர வல்ல குரு பாரிஸ் நகரில் அவர் ஒருவரே எனலாம். பாவ அறிக்கை கேட்கும் உரிமை மறுக்கப்பட்டவரும் அவரே. தம் மாணவரளவிலேனும் அவ்வுரிமையை அளிக்குமாறு அவர் பேராயரை வேண்டினார் என்பர். தம்மை ஐயுற்ற சபையை அவர் வெறுத்ததும் இல்லை. விட்டு நீங்கியதும் இல்லை. அந்தச் சபைக்குள் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்வதிலேயே கருத்தாக இருந்தார்.

அவருடைய முறையிற் குறை இல்லாமல் இல்லை. சைகை மொழிக்குத் தனக்கென ஓர் இலக்கணம் உண்டு. அடிகளோ அதனைப் பிரெஞ்சு இலக்கணத்துக்குள் அடக்க முயன்றார். ஒரு சொல்லுக்கு மூன்று, நான்கு குறிகள் என்று சுமை ஏறியது. ஆசிரியர் சைகை காட்டினால் மாணவர் பிழையின்றி எழுதுவர். தம் கருத்தைத் தாமே எழுதுவது அவருட் பலர்க்கு அரிதாகவே இருந்தது. பின்வந்தோர் அச்செயற்கைக் குறிகளைக் கைவிட்டு, செவிப்புலன் அற்றோரின் இயல்பான சைகைக்கே திரும்பினர். மற்றொரு வகையிலும் அவர் ஏமாந்திருக்கலாம். 1773-இல் பெரோன் என்னும் ஊரின் அருகே கந்தல் உடையுடன் கண்டெடுக்கப்பட்ட கேளாச் சிறுவன் ஒருவனைச் சோலார் பிரபுவின் வழித்தோன்றல் என்று அவர் உறுதியாக நம்பினார். அவனுக்காக வழக்காடினார். 1781-இல் தீர்ப்பு அவன் பக்கம் கிடைத்தது. அடிகள் மறைந்தபின், 1792-இல், அது மாற்றப்பட்டது. இரக்கம் மிகுந்தவரைச் சில வேளை இரக்கமே வழிதவறச் செய்யும் போலும்.

அக்காலத்தில் இத்தகைய கல்வி அளித்தோர் சிலர் தம் முறையை மறைத்து வைத்துப் பொருள் ஈட்டினர். தெலெப்பே எதையும் மறைக்கவில்லை. 1776-இலும் 1784-இலும் தம் முறையை விளக்கி நூல்கள் வெளியிட்டார். செருமனியில் லைப்சிக் நகரப் பள்ளியின் தலைவர் சாமுவேல் ஹைனிக்கே, வாய்ப்பேச்சு இன்றேல் சிந்தனையே இல்லை என்று வாதிட்டு அவரை எதிர்த்தார். இருவர் கடிதங்களையும் ஆராய்ந்த சூரிக் நகரத்துக் கல்விக்கழகம் 1783-இல் அடிகளின் பக்கமே தீர்ப்புக் கூறியது. 1777-இல் பாரிஸ் வந்த பேரரசர் இரண்டாம் ஜோசப் அவர் பள்ளியைக் கண்டு வியந்து, தம் நாட்டிலிருந்து ஒரு குருவைக் கற்க அனுப்பினார். 1779-இல் வியன்னாவிற் பள்ளி எழுந்தது. உருசியப் பேரரசி கத்தரீனின் தூதர் பரிசு கொண்டுவந்தபோது, பரிசுக்கு மாறாக அந்நாட்டுக் கேளாக் குழந்தை ஒன்றை அனுப்புமாறு அடிகள் வேண்டினார் என்பர். ஹாலந்து நாட்டிலிருந்து ஹென்றி டேனியல் கியோ என்னும் சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் வந்தார். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒருவரையொருவர் ஐயுற்ற காலம் அது. அடிகள் வேறுபாடு பாராது அவருக்குக் கற்பித்தார். அப்போதகர் 1790-இல் குரோனிங்கன் நகரிற் பள்ளி நிறுவினார்.

பிரெஞ்சுப் புரட்சி மூண்ட 1789-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் தெலெப்பே அடிகள் தம் 77-ஆம் வயதில் மறைந்தார். புனித ரோக்கு ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பள்ளி அழியாதிருக்க, நாட்டின் பேரவை 1791-இல் அதனை அரசின் பொறுப்பாக்கிச் சட்டம் இயற்றியது; அவரை மனித குலத்திற்கு நலம் செய்தோருள் ஒருவராகவும் போற்றியது. 1834 முதல் பாரிஸ் நகரத்துச் செவிப்புலன் அற்றோர் தாமே கூடி, அவர் பிறந்த நாளில் விருந்து நடத்தி, கைகளாற் சொற்பொழிவாற்றி அவரை நினைவுகூர்ந்தனர்.

அவர் விதைத்தது கடல் கடந்தும் முளைத்தது. அமெரிக்க நாட்டில் இறையியல் கற்றுத் தேறிய தாமஸ் காலடெட் பாரிஸ் பள்ளிக்கு வந்து கற்று, அங்கே ஆசிரியராக இருந்த, தாமும் கேளாதவரான லோரான் கிளேரை 1816-இல் தம் நாட்டிற்கு அழைத்துச் சென்றார். மறு ஆண்டில் ஹார்ட்போர்டு நகரிற் பள்ளி தோன்றியது. காலடெட்டின் மைந்தர் குருவாகி, 1852-இல் நியூயார்க் நகரில் கேளாதோர்க்கெனவே புனித அன்னம்மாள் ஆலயச் சபையை அமைத்தார்.

இடையில் இருள் சூழ்ந்த காலமும் வந்தது. 1880-இல் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளிற் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. கேளாத குழந்தைகள் வகுப்பறையில் கைகளை அசைக்கவும் அஞ்சினர். அம்மாநாட்டின் வழிவந்த மாநாடு ஒன்று 2010-ஆம் ஆண்டில் வான்கூவரிற் கூடியபோதுதான் அத்தீர்மானத்திற்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. பள்ளிகளில் விலக்கப்பட்டபோதும் சில ஆலயங்களில் சைகை நிலைத்து நின்றது.

சீனாவிற் பிறந்து, குழந்தைப் பருவத்தில் நோயாற் செவிப்புலன் இழந்த ஹென்றி விண்டர் சைல் என்பவர், அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் திருச்சபையில் திருத்தொண்டராக விரும்பினார். வழிபாட்டை வாயால் நடத்த இயலாதவர்க்குத் திருப்பட்டம் அளிப்பது எங்ஙனம் என்று அப்போதும் சிலர் தடை கூறினர். அத்தடையைக் கடந்து 1876-இல் அவர் திருத்தொண்டர் ஆனார்; 1883-இல் குருவானார். 1888-இல் பிலடெல்பியா நகரில் அவர் நிறுவிய ஆலயத்தில், செவிப்புலன் அற்ற குரு பீடத்தின்முன் நின்று கைகளால் திருமறை ஓதினார். செவிப்புலன் அற்ற மக்கள் கைகளால் மறுமொழி கூறினர்.